துபாய் சம்பளத்தில் கைக்கு எவ்வளவு மிஞ்சும்? வேப்பம்பட்டில் இருந்து புறப்படும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

வேப்பம்பட்டு,-

சென்னை சென்டிரல்-அரக்கோணம் ரெயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. பொழுது விடிந்ததும் டிபன் பாக்சை பையில் போட்டுக்கொண்டு மின்சார ரெயில் ஏறும் தொழிலாளிகள் இங்கு ஏராளம். ஆவடி, அம்பத்தூர், பாடி என்று இவர்களது வேலை இடங்கள் நீண்டு கிடக்கின்றன. வெல்டர், பிட்டர், எலக்ட்ரீசியன், ஏ.சி. மெக்கானிக், டிரைவர் என்று எல்லா தொழிலும் தெரிந்தவர்கள்.

ரெயில் பெட்டியில் இவர்கள் பேசும் பேச்சில் அடிக்கடி வந்து விழும் ஊர் துபாய். "அங்க 1,500 திர்ஹாம் சம்பளமாம் மச்சான். நம்ம காசுக்கு 36 ஆயிரம். கண்ணை மூடிக்கிட்டு கிளம்பு" என்பார் ஒருவர். "ஏஜெண்டுக்கு ஒரு லட்சம் கேக்கறான்ப்பா" என்பார் இன்னொருவர். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மனைவியின் தாலிச்செயினை அடகு வைப்பது வரை பேச்சு போய்விடும்.

கண்ணை மூடிக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும்? கண்ணை திறந்து வைத்துக்கொண்டு கணக்கு போட்டு பார்த்தால் என்ன தெரியும்? துபாயில் ஒரு தொழிலாளிக்கு மாதம் ஆகும் செலவு, கையில் நிற்கும் பணம், ஊரில் வாங்கிய கடன் அடைபடும் காலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக பார்ப்போம்.

24 ரூபாய் மயக்கம்

ஐக்கிய அரபு அமீரகத்தின் பணம் திர்ஹாம். ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று 1997-ம் ஆண்டு முதல் நிலையாக கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் டாலருக்கு எதிராக நம் ரூபாய் இறங்கினால் திர்ஹாமுக்கு கிடைக்கும் ரூபாயும் தானாக கூடும்.

2005-ம் ஆண்டு வாக்கில் ஒரு திர்ஹாமுக்கு சுமார் 12 ரூபாய்தான் கிடைத்தது. இப்போது அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. கணக்கு சுலபமாக இருக்க இந்த கட்டுரையில் ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலை முன்னே பின்னே இருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சம்பளத்தை 24-ஆல் பெருக்கி பார்க்கிறவர்கள் செலவை 24-ஆல் பெருக்கி பார்ப்பதில்லை. அங்கே ஒரு டீ 1 முதல் 2 திர்ஹாம். அதாவது 24 முதல் 48 ரூபாய். சாதாரண ஓட்டலில் மதிய சாப்பாடு 12 முதல் 15 திர்ஹாம். அதாவது 300 ரூபாயை தொடும். முடி வெட்ட 15 திர்ஹாம் என்றால் 360 ரூபாய்.

சம்பளத்துக்கு அங்கே வருமான வரி கிடையாது. அது நல்ல சேதிதான். ஆனால் 2018-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் பெரும்பாலான பொருட்கள், சேவைகளுக்கு 5 சதவீதம் மதிப்பு கூட்டு வரி உண்டு. சோப்பு வாங்கினாலும், போன் ரீசார்ஜ் செய்தாலும், ஊருக்கு பணம் அனுப்ப கமிஷன் கட்டினாலும் அந்த 5 சதவீதம் சேர்ந்துதான் வரும்.

தூங்க ஒரு கட்டில் 700 திர்ஹாம்

துபாய் செலவில் முதல் இடம் வாடகைக்குத்தான். தனி வீடு என்பது சாதாரண தொழிலாளி நினைத்தே பார்க்க முடியாத விஷயம். தனி அறையும் கிடையாது. கிடைப்பது ஒரு கட்டில் மட்டுமே. இதற்கு அங்கே 'பெட் ஸ்பேஸ்' என்று பெயர்.

தேரா, சத்வா, பர் துபாய் போன்ற பழைய பகுதிகளில் ஒரு அறையில் இரண்டு அடுக்கு கட்டில்களை போட்டு 6 பேர், 8 பேர் தங்குவார்கள். மேல் கட்டில் கொஞ்சம் மலிவு. கீழ் கட்டில் கொஞ்சம் அதிகம். சுமாராக ஒரு கட்டிலுக்கு மாதம் 600 முதல் 1,000 திர்ஹாம் வரை கேட்கிறார்கள். அதாவது தலைசாய்க்க ஒரு கட்டிலுக்கு 14 ஆயிரம் முதல் 24 ஆயிரம் ரூபாய். வேப்பம்பட்டில் சமையல் அறையுடன் குடும்பமே தங்க வீடு பிடித்தால் என்ன வாடகை என்பதை பக்கத்தில் வைத்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரே பிளாட்டை பலகை, ஜிப்சம் தடுப்பு வைத்து துண்டு துண்டாக்கி வாடகைக்கு விடுவது அங்கே சட்ட விரோதம். 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் துபாய் மாநகராட்சி அதிகாரிகள் இப்படிப்பட்ட கட்டிடங்களில் அதிரடி சோதனை நடத்தினார்கள். தீ விபத்து பயம்தான் காரணம். சத்வா, ரிக்கா, முரக்கபாத் போன்ற பகுதிகளில் தடுப்புகள் அகற்றப்பட்டன. தங்கி இருந்தவர்கள் அவசர அவசரமாக வேறு கட்டில் தேட வேண்டியதாயிற்று. அட்வான்சாக கொடுத்த பணத்தை திரும்ப வாங்குவதே பெரும்பாடு.

"துபாய் வேண்டாம், பக்கத்தில் இருக்கிற சார்ஜாவில் வாடகை குறைவு" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் சார்ஜா-துபாய் பஸ்சில் ஒரு தடவை போகவே 10 திர்ஹாமுக்கு மேல் ஆகும். மாதம் 26 நாள் போய் வந்தால் 500 திர்ஹாமை தாண்டிவிடும். வாடகையில் மிச்சம் பிடித்ததை பஸ் தின்றுவிடும். காலையும் மாலையும் நெரிசலில் போகும் நேரம் தனி.

கம்பெனியே தங்க இடம் கொடுத்தால் இந்த தலைவலி எதுவும் இல்லை. சோனாப்பூர், அல் கூஸ், ஜெபல் அலி போன்ற இடங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கின்றன. 'கேம்ப்' என்று சொல்வார்கள். நகரத்தில் இருந்து தள்ளி இருக்கும். ஆனால் வாடகை இல்லை. வேலைக்கு அழைத்துப்போக கம்பெனி பஸ் வாசலுக்கே வரும். மாத கணக்கில் மிகப்பெரிய லாபம் இதுதான்.

சமையல் பங்கு

இரண்டாவது செலவு சாப்பாடு. தினமும் ஓட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படி ஆகாது. எனவே நாலைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டு சமைப்பதுதான் வழக்கம். ஒருவர் குழம்பு வைத்தால் ஒருவர் பாத்திரம் தேய்ப்பார். இப்படி சமைத்தால் ஒரு ஆளுக்கு மாதம் 300 முதல் 400 திர்ஹாமில் முடிக்கலாம்.

சமைக்க முடியாதவர்கள் மெஸ்சில் மாத கணக்கு வைப்பார்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து சுமார் 350 முதல் 500 திர்ஹாம் வரை ஆகும். அவசரத்துக்கு கைகொடுப்பது குப்பூஸ் ரொட்டி. பக்காலா என்று சொல்லப்படும் தெருமுனை மளிகை கடைகளில் 1 முதல் 3 திர்ஹாமுக்கு ஒரு பாக்கெட் கிடைக்கும். அதோடு பருப்போ, முட்டையோ சேர்ந்தால் ஒரு வேளை ஓடிவிடும்.

கம்பெனி மெஸ் இருந்தால் சாப்பாட்டு படி தர மாட்டார்கள். சாப்பாட்டு படி கொடுத்தால் மெஸ் இருக்காது. ஒப்பந்தத்தில் எது எழுதி இருக்கிறது என்பதை புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பஸ், மெட்ரோ, போன்

துபாய் மெட்ரோ ரெயில் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி ஓடத்தொடங்கியது. மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் 'நோல்' என்ற ஒரே அட்டைதான். சாதாரண சில்வர் அட்டையில் ஒரு மண்டலத்துக்குள் போக 3 திர்ஹாம், இரண்டு மண்டலம் என்றால் 5 திர்ஹாம், அதற்கு மேல் 7.50 திர்ஹாம். தினமும் வேலைக்கு போகிறவர்கள் மாத பாஸ் எடுக்கலாம். இரண்டு மண்டல பாஸ் 230 திர்ஹாம் அளவில் கிடைக்கும்.

தேராவில் இருந்து பர் துபாய்க்கு கால்வாயை கடக்க 'அப்ரா' என்ற படகு இருக்கிறது. அதற்கு 1 திர்ஹாம்தான். துபாயில் மலிவாக கிடைக்கும் ஒரு சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

அபராதம் என்று ஒரு செலவு இருப்பதை பலரும் அங்கே போன பிறகுதான் தெரிந்து கொள்கிறார்கள். கண்ட இடத்தில் ரோட்டை கடந்தால் 400 திர்ஹாம். மெட்ரோவில் பபுள்கம் மென்றாலோ, தண்ணீர் குடித்தாலோ 100 திர்ஹாம். டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்தால் 200 திர்ஹாம். அம்பத்தூரில் தண்டவாளத்தை குறுக்கே கடக்கும் பழக்கத்தை அங்கே காட்டினால் ஒரு மாத சாப்பாட்டு பணம் அம்பேல்.

போன் செலவும் சும்மா இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், போட்டோ அனுப்பலாம். ஆனால் வாட்ஸ்அப் மூலம் பேசுவதற்கு அங்கே கட்டுப்பாடு உள்ளது. அனுமதி பெற்ற 'போட்டிம்' போன்ற ஆப்களில்தான் குடும்பத்துடன் முகம் பார்த்து பேச முடியும். டேட்டா பேக்கும் இதுவும் சேர்ந்து மாதம் 75 திர்ஹாம் ஒதுக்கி வைப்பது நல்லது. பிள்ளையின் முகத்தை பார்க்காமல் மிச்சம் பிடிக்க யாராலும் முடியாது. எனவே இதை செலவு கணக்கில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

1,500 பெரிசா? 2,200 பெரிசா?

இப்போது கணக்குக்கு வருவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு வெல்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கைக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய் வருகிறது. அவரது சொந்த செலவு 5 ஆயிரம் போக 15 ஆயிரம் வீட்டுக்கு. இவருக்கு துபாயில் இரண்டு வேலை வருகிறது.

முதல் வேலை: சம்பளம் 1,500 திர்ஹாம். தங்க இடமும், கம்பெனி பஸ்சும் உண்டு. சாப்பாடு சொந்த செலவு.

சமையல் பங்கு - 350 திர்ஹாம்
டீ, பலகாரம் - 60
போன் - 75
சோப்பு, முடிவெட்டு, மருந்து, துணி - 65
லீவு நாளில் பஸ் - 30
ஊருக்கு பணம் அனுப்ப - 20
மொத்த செலவு - 600 திர்ஹாம்

மிச்சம் 900 திர்ஹாம். ஊருக்கு வந்து சேர்வது 21 ஆயிரத்து 600 ரூபாய்.

இரண்டாவது வேலை: சம்பளம் 2,200 திர்ஹாம். தங்க இடம் கிடையாது. பஸ் கிடையாது.

கட்டில் வாடகை - 700 திர்ஹாம்
சாப்பாடு - 450
பஸ், மெட்ரோ பாஸ் - 230
போன் - 75
சில்லறை செலவு - 125
ஊருக்கு பணம் அனுப்ப - 20
மொத்த செலவு - 1,600 திர்ஹாம்

மிச்சம் 600 திர்ஹாம். ஊருக்கு வந்து சேர்வது 14 ஆயிரத்து 400 ரூபாய்.

சம்பளம் 700 திர்ஹாம் கூட. ஆனால் மிச்சம் 300 திர்ஹாம் குறைவு! இன்னும் சொல்லப்போனால் அம்பத்தூரிலேயே இருந்து வீட்டுக்கு கொடுத்த 15 ஆயிரத்தை விட 600 ரூபாய் குறைவாகத்தான் ஊருக்கு வருகிறது. இதற்காக பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு கடல் தாண்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எனவே "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்பு "ரூம் யார் கொடுப்பது? பஸ் யார் கொடுப்பது? சாப்பாடு யார் கொடுப்பது?" என்ற மூன்று கேள்விகளை கேட்க வேண்டும்.

துபாயில் ஐரோப்பிய நாடுகளில் இருந்து, உதாரணமாக போலந்தில் இருந்து வந்து வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆபீஸ் உத்தியோகத்தில் குடும்பத்துடன் பிளாட், கார், பிள்ளைக்கு பள்ளிக்கட்டணம் என்று அவர்களின் செலவு பட்டியல் வேறு. அவர்களும் இதே மூன்று கேள்வியை கேட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுகிறார்கள். கேட்பது தப்பு என்று நினைக்கக்கூடாது.

கடன் அடைய 21 மாதம்

அடுத்தது பலரும் மறந்துவிடும் செலவு, ஊரில் வாங்கும் கடன்.

ஏஜெண்டுக்கு கொடுக்க ஒரு லட்சம் ரூபாய் 3 வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதமே வட்டி 3 ஆயிரம். மேலே சொன்ன நல்ல வேலை, அதாவது முதல் வேலை கிடைத்தால் கூட அம்பத்தூரை விட கூடுதலாக வருவது மாதம் 6 ஆயிரத்து 600 ரூபாய்தான். அது முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் அசலும் வட்டியும் அடைபட சுமார் 21 மாதம் ஆகும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் 2 ஆண்டுக்குத்தான். 24 மாத ஒப்பந்தத்தில் 21 மாதம் கடன்காரனுக்கு உழைத்தது போக, தனக்கு என்று உழைப்பது 3 மாதம் மட்டுமே.

இரண்டாவது வேலை என்றால் கடன் அடையவே அடையாது. வட்டி மேல் வட்டி ஏறி வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டு ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவை கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். 18 சதவீத வரியுடன் 35 ஆயிரத்து 400 ரூபாய். இதையே 3 வட்டிக்கு வாங்கினாலும் 6 மாதத்தில் கட்டி முடித்துவிடலாம். மீதி ஒன்றரை ஆண்டு வருமானம் குடும்பத்துக்கு.

அமீரக சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் செலவை தொழிலாளியிடம் இருந்து கம்பெனி நேரடியாகவோ, மறைமுகமாகவோ வசூலிக்கக்கூடாது என்று 2022-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டம் சொல்கிறது. விசா செலவு என்று சம்பளத்தில் பிடித்தால் அது சட்டப்படி தப்பு.

பேசிக் சம்பளம்தான் முக்கியம்

ஒப்பந்தத்தில் மொத்த சம்பளத்தை மட்டும் பார்த்து பலரும் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் அடிப்படை சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஓவர்டைமும், வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் இந்த பேசிக் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

அங்கே சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்கு மேல் பார்த்தால் 25 சதவீதம் கூடுதலாக ஓவர்டைம் தரவேண்டும். இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை என்றால் 50 சதவீதம் கூடுதல். ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இரவு கணக்கு பொருந்தாது. பொதுவாக நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக்கூடாது.

மொத்த சம்பளம் 1,500. அதில் பேசிக் 1,000 என்று எழுதி இருந்தால் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு சுமார் 5.20 திர்ஹாம் கிடைக்கும். தினமும் 2 மணி நேரம், மாதம் 26 நாள் பார்த்தால் 270 திர்ஹாம். நம் காசுக்கு ஆறாயிரத்து ஐநூறு ரூபாய் அளவில் வரும். அதே 1,500-ல் பேசிக் வெறும் 600 என்று எழுதி இருந்தால் அதே உழைப்புக்கு கிடைப்பது 162 திர்ஹாம்தான். அதாவது 3,900 ரூபாய்.

பணிக்கொடையும் இப்படித்தான். முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டு ஒன்றுக்கு 21 நாள் பேசிக் சம்பளம். 1,000 திர்ஹாம் பேசிக் என்றால் 2 ஆண்டுக்கு 1,400 திர்ஹாம், 33 ஆயிரத்து 600 ரூபாய். 600 பேசிக் என்றால் 840 திர்ஹாம், 20 ஆயிரம் ரூபாய்தான்.

இங்கிலீஷ் தெரியாதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. வேலை ஒப்பந்தத்தை அரபு, ஆங்கிலத்துடன் தொழிலாளிக்கு தெரிந்த மொழியிலும் காட்டவேண்டும் என்ற நடைமுறை அமீரகத்தில் 2016-ம் ஆண்டு முதல் உள்ளது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. "தமிழ்ல கொடுங்க" என்று கேட்பது உரிமை.

சட்டம் தரும் பாதுகாப்பு

சம்பளத்தை கையில் கொடுத்து கணக்கை மறைக்கும் வேலை அங்கே எளிதல்ல. 2009-ம் ஆண்டு கொண்டு வந்த சம்பள பாதுகாப்பு முறைப்படி வங்கி அல்லது பணப்பரிமாற்ற நிறுவனம் மூலமாகத்தான் சம்பளம் போட வேண்டும். அது அரசின் கம்ப்யூட்டரில் பதிவாகும்.

வெயில் காலத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 மணியில் இருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்க தடை. மீறும் கம்பெனிக்கு ஒரு தொழிலாளிக்கு 5 ஆயிரம் திர்ஹாம் வீதம் அபராதம் உண்டு.

மருத்துவ காப்பீட்டை துபாயில் கம்பெனிதான் எடுத்து தரவேண்டும். 2023-ம் ஆண்டு முதல் வேலை இழப்பு காப்பீடு என்று ஒன்றும் கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. 16 ஆயிரம் திர்ஹாம் வரை பேசிக் வாங்குபவர்களுக்கு மாதம் 5 திர்ஹாமும் அதற்கான வரியும். இது தொழிலாளியின் செலவு. எடுக்காவிட்டால் 400 திர்ஹாம் அபராதம். பாஸ்போர்ட்டை கம்பெனி பிடுங்கி வைத்துக்கொள்வதும் அங்கே சட்ட விரோதம்.

வேறு நாடு என்றால் கணக்கும் வேறு. சவுதி அரேபியாவில் மதிப்பு கூட்டு வரி 2020-ம் ஆண்டு ஜூலை முதல் 15 சதவீதம். கத்தாரில் 2021-ம் ஆண்டு மார்ச் முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,000 ரியால். இடமும் சாப்பாடும் தராத கம்பெனி அதற்கு மேல் 500-ம், 300-ம் தரவேண்டும். வெளிநாட்டு தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு குறைந்தபட்ச சம்பளத்தை அமீரகம் நிர்ணயிக்கவில்லை. எனவே ஒப்பந்தத்தில் எழுதி இருப்பதுதான் சம்பளம்.

விசிட் விசா: உஷார்

"இப்போதைக்கு விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவர்களிடம் உஷாராக இருக்க வேண்டும். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்க சரியான ஒப்பந்தம் இருக்காது. விசா நாள் முடிந்தும் தங்கினால் நாள் ஒன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறும். ஒரு மாதத்துக்கு 1,500 திர்ஹாம். முதலில் பார்த்தோமே, அந்த வெல்டரின் ஒரு மாத சம்பளம் முழுவதும் அது.

இப்படி சிக்கிக்கொண்டவர்கள் அபராதம் இல்லாமல் வெளியேற 2024-ம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரக அரசு பொது மன்னிப்பு கொடுத்தது. மன்னிப்பு எப்போதும் கிடைக்காது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்று சொல்வார்கள். 1983-ம் ஆண்டு குடியகல்வு சட்டப்படி இவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போக அரசு அனுமதி பெற வேண்டும். 'இ-மைக்ரேட்' இணையதளம் மூலம் இந்த அனுமதி வழங்கப்படுகிறது. ஏஜெண்டு பதிவு பெற்றவரா, இல்லையா என்பதையும் அதிலேயே பெயர் போட்டு பார்த்துவிடலாம்.

இவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். 2 ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாயும் வரியும்தான். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு லட்சம் கேட்கும் ஏஜெண்டு இந்த 275 ரூபாயை கட்டினாரா என்று ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்கு போகும் பெண்களுக்கு 30 வயது நிரம்பி இருக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது.

முதல் 2 மாதம் வீடு எப்படி ஓடும்?

போகிறவர் போய்விடுவார். ஊரில் இருப்பவர்கள் பாடு? இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

அங்கே இறங்கியதும் மருத்துவ பரிசோதனை, அடையாள அட்டை என்று நாட்கள் ஓடும். அதன்பிறகு ஒரு மாதம் வேலை பார்த்தால்தான் சம்பளம். முதல் பணம் ஊர் வந்து சேர 45 முதல் 60 நாள் ஆகிவிடும். அதுவரை மளிகை கடை பாக்கி, பால், வாடகை, பள்ளிக்கூட பீஸ், கடன் வட்டி எல்லாம் நிற்காது. எனவே குறைந்தது 2 மாத வீட்டு செலவை மனைவி கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதுதான் நல்லது. போகிறவர் கையிலும் முதல் மாத சாப்பாட்டுக்கு 400, 500 திர்ஹாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் கடனில்தான் வாழ்க்கை தொடங்கும்.

பணம் அனுப்பும்போது கம்மியான கமிஷன், அதிக ரேட் என்று ஆசை காட்டும் உண்டியல்காரர்கள் பக்கம் போகக்கூடாது. அது சட்ட விரோதம். பணம் போனால் கேட்க நாதி இல்லை. பதிவு பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனங்களில் சுமார் 20 திர்ஹாம் கட்டணம். மாதம் இரண்டு, மூன்று தடவை பிரித்து அனுப்பாமல் ஒரே தடவையாக அனுப்பினால் அந்த 20 மட்டும்தான் செலவு.

இப்படி சிறுக சிறுக வரும் பணம்தான் நாட்டுக்கும் பெரும் தொகையாக சேருகிறது. 2023-24-ம் ஆண்டில் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய பணத்தில் 19.2 சதவீதம் அமீரகத்தில் இருந்து வந்தது என்று ரிசர்வ் வங்கி கூறியுள்ளது. மாநில வாரியாக பார்த்தால் தமிழ்நாட்டுக்கு வந்தது 10.4 சதவீதம். வேப்பம்பட்டில் பாதி கட்டி நிற்கும் வீட்டுக்கு தளம் போடவும், தங்கச்சி கல்யாணத்துக்கு நகை எடுக்கவும் வரும் பணமும் இந்த கணக்கில் ஒரு துளி.

யாரை கேட்பது?

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. அலுவலகம் கிண்டியில் உள்ளது. வேப்பம்பட்டில் இருந்து ரெயில் ஏறினால் அரை நாளில் போய் விசாரித்துவிட்டு வந்துவிடலாம். அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளலாம்.

துபாயில் சிக்கல் ஏற்பட்டால் இந்திய துணை தூதரகத்தின் உதவி மையத்தை 800 46342 என்ற கட்டணம் இல்லாத எண்ணில் அழைக்கலாம். இந்த எண்ணை பாஸ்போர்ட் அட்டையின் பின்பக்கம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதோடு, வீட்டில் மனைவியிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தின் நகல், விசா நகல், பாஸ்போர்ட் நகல், ஏஜெண்டு கொடுத்த ரசீது ஆகிய நான்கையும் வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். ரசீது தராத ஏஜெண்டுக்கு பணம் தரக்கூடாது.

கையெழுத்து போடுவதற்கு முந்தைய நாள் ராத்திரி கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி பார்க்கட்டும். சம்பளம் எவ்வளவு, பேசிக் எவ்வளவு, ரூம் யாருடையது, பஸ் யாருடையது, சாப்பாடு யாருடையது, கடன் எத்தனை மாதத்தில் அடையும். இந்த ஆறு வரிக்கும் பதில் வந்த பிறகு, இப்போது வீட்டுக்கு கிடைப்பதை விட மிச்சம் கூடுதலாக இருந்தால் தாராளமாக கிளம்பலாம். இல்லாவிட்டால் தாலிச்செயின் கழுத்திலேயே இருக்கட்டும்.